'ஐஸ்' தரும் பலம் யாருடைய பலம்?



ஒரு தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் காலையில், பிரட்டு கலைந்த நேரத்தில், ஒரு தாய் எங்களைத் தேடி வந்தார். மகனுக்கு இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் வேலை. பண்டிகைக்கு வீடு வந்த பிள்ளை மூன்று இரவு கண் மூடவில்லை. கறிச்சோறு ஆக்கி வைத்தும் சாப்பிடவில்லை. "லயத்துக்குப் பின்னால யாரோ நிக்கிறாங்க. நாம பேசுறத ஒட்டுக் கேக்குறாங்க" என்று சொல்லிச் சொல்லிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டான். தகப்பன் இரண்டு அடி போட்டுப் பார்த்தார். பக்கத்துக் காம்பராக்காரர்கள், "காத்துக் கருப்பு பட்டிருக்கும், பூசாரிகிட்ட கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார்கள். அந்தத் தாய் எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான்:

"இது பேயா, பைத்தியமா, சொல்லுங்க."

பையனின் காற்சட்டைப் பையில் இருந்ததை அவர் ஒரு கடதாசியில் மடித்துக் கொண்டு வந்திருந்தார். உடைத்த கற்கண்டு போலச் சின்னச் சின்னத் துண்டுகள். அதுதான் 'ஐஸ்'. அந்தத் தாய்க்கு நாங்கள் சொன்ன பதிலை எல்லாத் தாய்மாருக்கும், தகப்பன்மாருக்கும், பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

யாழ்ப்பாணத்துச் சங்கதி நமக்கு எதற்கு?

மலையகத்துக்கும் வடக்குக்கும் உறவு நேற்று வந்ததல்ல. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின்பு நம் குடும்பங்கள் பல கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் போய்க் குடியேறின. இன்றும் அங்கே நமக்கு மாமன் மச்சான் இருக்கிறார்கள். 2009இல் யுத்தம் முடிந்து பாதை திறந்தது. 2014இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. கொழும்புக் கடைகளுக்குப் போவது போல நம் பையன்கள் இப்போது வடக்குக்கும் கடை வேலை, கட்டட வேலை என்று போகிறார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சுற்றிலும் கடல். பாக்கு நீரிணை வழியாக இந்தியக் கரையிலிருந்து வரும் 'கேரள கஞ்சா'வைக் கடற்படை அடிக்கடி பிடித்து வந்திருக்கிறது. அதன் பின்னால் ஹெரோயின் வந்தது, 'ஐஸ்' வந்தது. 2022ஆம் ஆண்டளவில், போதை ஊசி ஏற்றிய இளைஞர்கள் கிருமித் தொற்றினால் யாழ்ப்பாணத்தில் இறந்த செய்திகள் பத்திரிகைகளில் வந்தபோது நாடே திடுக்கிட்டது. அந்தச் செய்திகளில் அதிகம் பேசப்பட்டது ஹெரோயின். இப்போது அதோடு சேர்த்துப் பேசப்படுவது 'ஐஸ்'.

இதனால் யாழ்ப்பாணத்து மக்களை யாரும் குறைவாகப் பேச வேண்டாம். அங்கேயும் தாய்மார் அழுகிறார்கள். நம் பக்கத்திலும் கசிப்பு எத்தனை வீட்டைக் குடித்தது என்று நமக்கே தெரியும். இந்தச் சாமான் ஊர், சாதி, மதம் பார்த்து வருவதில்லை. களைத்த உடம்பையும் தனிமையான மனதையும் தேடி வருகிறது.

'ஐஸ்' என்றால் என்ன?

அதன் உண்மைப் பெயர் மெதம்பெட்டமின். கண்ணாடிச் சில்லு போலவும் பனிக்கட்டி போலவும் இருப்பதால் 'ஐஸ்' என்கிறார்கள். சூடாக்கிப் புகையாக இழுப்பார்கள். சிலர் மூக்கால் உறிஞ்சுவார்கள், விழுங்குவார்கள். சிலர் ஊசியாக ஏற்றுவார்கள். நகரத்து விருந்துகளில் விடிய விடிய ஆடுவதற்காக எடுப்பவர்களும் உண்டு. 'எக்ஸ்டஸி' என்று விருந்துகளில் கைமாறும் வண்ண மாத்திரையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இது புதுச் சாமான் அல்ல. 1893இல் ஜப்பானில் நாகாய் நாகயோஷி என்ற விஞ்ஞானி இதை முதலில் உண்டாக்கினார். 1938இல் ஜெர்மனியில் 'பெர்விட்டின்' என்ற பெயரில் மாத்திரையாக விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய்கள் தூங்காமல் நடக்கவும் வண்டி ஓட்டவும் அதைக் கொடுத்தார்கள். ஜப்பானில் இதே சாமானை 'பிலோப்பொன்' என்று விற்றார்கள். அந்தப் பெயர் எதிலிருந்து வந்தது தெரியுமா? 'உழைப்பை விரும்புபவன்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து!

உழைப்பவனின் களைப்பை மறைத்து இன்னும் கொஞ்சம் வேலை வாங்க நினைத்தவர்கள் வைத்த பெயர் அது. போர் முடிந்ததும் மிச்சமிருந்த சரக்கு ஜப்பானிய ஊர்களில் பரவியது. ஏராளமானோர் அதற்கு அடிமையானார்கள். கடைசியில் 1951இல் ஜப்பான் அரசாங்கம் தனிச் சட்டம் போட்டு அதைத் தடுக்க வேண்டி வந்தது.

நம் பையனுக்கும் அப்படித்தான் வந்தது. பண்டிகை வியாபாரம். லொறி லொறியாகச் சாமான் இறக்க வேண்டும். கூட வேலை செய்த மூத்தவர் ஒருவர், "இதைப் பாவிச்சுப் பார் தம்பி. நித்திரையும் வராது, களைப்பும் தெரியாது" என்றாராம். அன்று இரவு முழுக்க மூட்டை தூக்கினான். "பத்து ஆள் பலம் வந்த மாதிரி இருந்துச்சு" என்று பின்னால் அவனே எங்களிடம் சொன்னான்.

அந்தப் பலம் எங்கிருந்து வந்தது?

இதுதான் இந்தப் பாடத்தின் நடுப்புள்ளி. நன்றாகக் கவனியுங்கள்.

தீபாவளி அட்வான்ஸ் வாங்கும்போது கை நிறையக் காசு இருக்கும். அது யாருடைய காசு? நம்முடைய காசுதான். இனி வரப்போகும் சம்பளத்தில் மாதா மாதம் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள். 'ஐஸ்' தரும் பலமும் அப்படிப்பட்ட அட்வான்ஸ்தான். அந்தத் துண்டுக்குள் சத்தும் இல்லை, சாப்பாடும் இல்லை. நம் உடம்பு நாளைக்கும் நாளை மறுநாளைக்கும் வைத்திருந்ததை ஒரே இரவில் வெளியே இழுத்துக் கொட்டுகிறது.

நம் மூளையில் 'டோபமைன்' என்றொரு பொருள் சுரக்கிறது. பசித்தவன் சோறு சாப்பிடும்போதும், பிள்ளை ஓடி வந்து கழுத்தைக் கட்டும்போதும் அது அளவாகச் சுரந்து மனதுக்குச் சந்தோஷம் தரும். 'ஐஸ்' அதை அணை உடைந்தது போலப் பாய விடுகிறது. வெள்ளம் வடிந்த பின்பு குளம் காய்ந்து கிடக்கும். அப்போது சோறு ருசிக்காது, பிள்ளையின் சிரிப்பும் மனதைத் தொடாது. உடம்பு வலிக்கும், மனம் இருண்டு போகும். அந்த இருட்டைத் தாங்க முடியாமல் மறுபடியும் 'ஐஸ்' தேடுவான். அடுத்த தடவை அதே அளவு போதாது. அட்வான்ஸை அடைக்க வட்டிக்கு வாங்கின கதைதான்.

"தேத்தண்ணி குடிச்சாலும் தூக்கம் போகுதே, அதுவும் போதையா?" என்று ஒரு கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. தேயிலையில் இருக்கும் கபேன், 'களைத்துவிட்டாய்' என்று மூளைக்குப் போகும் செய்தியைச் சற்று நேரம் மறைக்கிறது, அவ்வளவுதான். ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் அதில் பாதி உடம்பை விட்டுப் போய்விடும். 'ஐஸ்' பாதியாகக் குறையவே 10 முதல் 12 மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் இதயத்தையும் மூளையையும் சாட்டையால் அடித்து ஓட்டிக்கொண்டிருக்கும். ஒரு கோப்பைச் சாயத்தண்ணிக்கும் அதற்கும் உள்ள தூரம், அடுப்பு நெருப்புக்கும் லயம் பற்றி எரிவதற்கும் உள்ள தூரம்.

உடம்புக்கு என்ன நடக்கும்?

இதயம்: நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். இளவயதிலேயே மாரடைப்பு வரலாம். நாள்பட்டால் இதயத் தசை பலவீனமாகி, படி ஏறவே மூச்சு வாங்கும்.

மூளை: ஏறிய அழுத்தத்தில் மூளை நரம்பு வெடித்து ஒரு பக்கம் விழுந்து போகலாம். வலிப்பும் வரலாம்.

சூடு: உடம்பின் சாதாரணச் சூடு 37 பாகை. 'ஐஸ்' அளவுக்கு மீறினால் 40 பாகையையும் தாண்டலாம். வெயிலில் வேலை செய்பவனுக்கும், இரவெல்லாம் ஆடுபவனுக்கும் ஆபத்து இன்னும் கூட. இந்தச் சூடே ஆளைக் கொல்லும்.

மனம்: இல்லாத குரல் கேட்கும். யாரோ பின்தொடர்வதாகத் தோன்றும். பெற்ற தாய் மேலேயே சந்தேகம் வரும். தோலுக்கடியில் பூச்சி ஊருவது போல இருக்கும். சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்வார்கள். லயத்துக்குப் பின்னால் நம் பையன் கண்ட ஆள் இப்படி வந்தவர்தான். அது பேய் இல்லை. தூக்கமில்லாத, விஷம் ஏறிய மூளை காட்டிய படம்.

பல்லும் உடம்பும்: வாய் வறண்டு, பல்லை நறநறவென்று கடிப்பதால் பற்கள் சொத்தையாகி உடையும். பசி அற்றுப் போவதால் உடம்பு வற்றும்.

கர்ப்பிணித் தாய்: குழந்தை மாதம் நிறையுமுன் பிறக்கலாம். எடை குறைந்து பிறக்கலாம். தாய்க்கும் இரத்த அழுத்தம் ஏறும்.

ஊசி: ஒரே ஊசியைப் பலர் பாவித்தால் எச்.ஐ.வி.யும், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் நோயும் தொற்றும். அழுக்கு ஊசி வழியாகப் போகும் கிருமி இதய வால்வில் போய் உட்கார்ந்து ஆளைச் சாய்க்கும்.

குடியோடு சேர்த்தால்: வெறி ஏறியது தெரியாது. அதனால் இன்னும் இன்னும் குடிப்பார்கள். இதயத்துக்கு இரட்டைச் சுமை.

"ஒரு தடவைதானே, பார்த்தா என்ன?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். பக்கெட்டுக்குள் எவ்வளவு இருக்கிறது, என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. மறைவான இதயநோய் உள்ளவனுக்கு முதல் தடவையே கடைசித் தடவையாகவும் போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2022இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, 5 கிராமோ அதற்கு மேலோ 'ஐஸ்' வைத்திருந்து குற்றவாளியாகக் காணப்பட்டால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்கலாம். 5 கிராம் என்பது எவ்வளவு? ஒரு தேக்கரண்டிச் சீனி அளவுதான்!

ஆகவே பிள்ளைகளே, "இந்தப் பார்சலை இன்ன இடத்துல குடுத்துடு, ஆயிரம் ரூபா தாறேன்" என்று யார் சொன்னாலும் கையால் தொடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்தப் பொதியையும் பஸ்ஸிலோ ரயிலிலோ கொண்டு வராதீர்கள். சரக்குக்காரன் முதலில் தேடுவது ஊர் தெரியாத, காசில்லாத, ஆள்பலமில்லாத பையனைத்தான்.

வீட்டில் எப்படி அறிவது?

வெளியூரிலிருந்து வந்த பிள்ளையிடம் இவற்றைக் கவனியுங்கள்:

1. இரண்டு மூன்று நாள் தூங்காமல் இருந்து, பிறகு ஒரு முழு நாளும் எழும்பாமல் தூங்குவது.
2. பசியில்லாமை, திடீரென மெலிந்து போவது.
3. கண்மணி விரிந்திருப்பது, ஓயாத பேச்சு, பல்லைக் கடிப்பது.
4. காரணமில்லாத பயம், சந்தேகம், ஆத்திரம்.
5. கண்ணாடிக் குழாய், சுட்ட மின்குமிழ், கருகிய ஈயத்தாள், சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகள்.
6. சம்பளம் போன இடம் தெரியாமல் போவது, நகை நட்டுக் காணாமல் போவது.

இவற்றில் ஒன்றை மட்டும் பார்த்துப் பிள்ளையைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். தூக்கமின்மைக்கும் மெலிவுக்கும் வேறு நோய்களும் காரணமாக இருக்கலாம். பலது சேர்ந்து வந்தால் உட்கார வைத்து மெதுவாகப் பேசுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

நெஞ்சு வலி, வலிப்பு, நெருப்பாய்க் கொதிக்கும் உடம்பு, ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, நினைவு தப்புவது - இவற்றில் எது வந்தாலும் தாமதிக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். அது வரத் தாமதமானால் தோட்ட லொறியானாலும் பரவாயில்லை, வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். உடுப்பைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, காற்றுப் பட வையுங்கள். மயங்கினவரைப் பக்கவாட்டில் சரித்துக் கிடத்துங்கள். அவர் வாயில் பாலோ, தேசிக்காய்ச் சாறோ, புளித்தண்ணியோ ஊற்றாதீர்கள். புரை ஏறி மூச்சு அடைத்துவிடும்.

பயந்து போய்க் கத்தும் பிள்ளையை அடிக்காதீர்கள், கட்டி வைக்காதீர்கள். கட்டினால் திமிறித் திமிறி உடம்புச் சூடு இன்னும் ஏறும். "அங்க யாருமில்லடா, ஏன்டா பொய் சொல்ற" என்று வாதாடவும் வேண்டாம். அவனுக்கு அது பொய் இல்லை. "நான் பக்கத்துல இருக்கேன், பயப்படாத" என்று சொல்லுங்கள். கூட்டத்தைக் கலையச் சொல்லுங்கள். கத்தி, கோடரியை அப்புறப்படுத்துங்கள்.

வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். "காய்ச்சல்" என்று மறைத்தால் வேறு மருந்து கொடுத்து ஆபத்தாகலாம். 'ஐஸ்' பழக்கத்தை அப்படியே அறுத்துவிடும் மாத்திரை என்று ஒன்று இல்லை. அப்படிச் சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். பயத்தையும் குரல்களையும் தணிக்க வைத்தியர் மருந்து தருவார். பழக்கத்தை விடப் பெரிதும் உதவுவது ஆலோசனையும் குடும்பத்தின் துணையும்தான்.

வடக்கில் இருப்பவர்கள் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடலாம். நம் பக்கத்தில் உள்ளவர்கள் தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லி, அரசாங்க வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போகலாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். அந்தச் சபைக்குக் கண்டியிலும் சிகிச்சை நிலையம் உண்டு. மனம் உடைந்து போனவர்களுக்குத் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

விட்ட முதல் சில நாட்களில் பிள்ளை தூங்கிக்கொண்டே இருப்பான், அகோரப் பசி எடுக்கும், பிறகு மனம் மிகவும் சோர்ந்து போகும். உயிரை மாய்க்கும் எண்ணமும் வரலாம். அந்த நாட்களில் தனியே விடாதீர்கள். தோட்டத்துக்கு அடிக்கும் களைகொல்லி, கிருமிநாசினியைப் பூட்டி வையுங்கள்.

திரும்பி வர முடியுமா?

முடியும். ஒரு வருடத்துக்கும் மேலாக 'ஐஸ்' தொடாமல் இருந்தவர்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்த விஞ்ஞானிகள், பழுதான இடங்களில் ஒரு பகுதி சீராகி வருவதைக் கண்டிருக்கிறார்கள். ஒரு வருடம் என்பது நீண்ட காலம்தான். ஆனால் நமக்குத் தெரியாத பாடமா அது? கவ்வாத்து வெட்டின மலையைப் பாருங்கள். ஒரு இலை இல்லாமல் வெறும் குச்சியாய் நிற்கும். செத்துவிட்டது என்று யாராவது பிடுங்கிப் போடுகிறோமா? மறுநாளே கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து எடுக்கத்தான் போகிறோமா? வேரில் மிச்சமிருக்கும் சத்தை நம்பிக் காத்திருக்கிறோம்.

அந்தத் தாய் அன்று பூசாரி வீட்டுக்குப் போகும் வழியில் திரும்பி, மகனை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனார். "சாமிக்கு நேந்துக்கிறதும் நேந்துக்கிறேன், டொக்டர்கிட்டயும் போறேன்" என்றார். நாங்கள் அதைத் தடுக்கவில்லை. பையனுக்குக் குரல்கள் அடங்கின. இடையில் ஒரு தடவை வழுக்கி விழுந்தான். தகப்பன் இந்த முறை கை ஓங்கவில்லை. கூடவே பஸ் ஏறிக் கிளினிக்குக்குப் போய் வந்தார். இப்போது பையன் தோட்டத்திலேயே வேலை செய்கிறான். பத்து ஆள் பலம் அவனிடம் இல்லை. ஒரு ஆள் பலம் இருக்கிறது, இரவில் தூக்கம் வருகிறது.

"ராத்திரி அவன் குறட்டை விடுற சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருது" என்கிறார் தாய்.

உறவுகளே, நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நம் உழைப்பின் பலனை யார் யாரோ கொண்டு போனார்கள். மிச்சமிருக்கும் உடம்புப் பலத்தையும் ஒரு கற்கண்டுத் துண்டுக்கு அடகு வைக்க விட வேண்டாம். களைத்தால் உட்காருவோம். தூக்கம் வந்தால் தூங்குவோம். முடியாத வேலையை முடியாது என்று சொல்வோம். வெளியூர் போன பிள்ளையிடம் "காசு அனுப்பினியா?" என்று கேட்குமுன், "சாப்பிட்டியா, தூங்கினியா?" என்று கேட்போம்.

கலந்து பேசுவதற்குச் சில கேள்விகள்

1. 'ஐஸ்' தரும் பலத்தைத் தீபாவளி அட்வான்ஸுக்கு ஒப்பிட்டது ஏன்?
2. இல்லாத ஆளைக் கண்டு பயப்படும் பிள்ளையிடம் எப்படிப் பேச வேண்டும்? என்ன செய்யக் கூடாது?
3. 5 கிராம் என்பது எவ்வளவு? அதற்குச் சட்டம் என்ன சொல்கிறது?
4. 1990, 1927, 1926 - இந்த இலக்கங்கள் எதற்கு? உங்கள் காம்பராச் சுவரில் எழுதி வைத்திருக்கிறீர்களா?
5. நம் டிவிஷனிலிருந்து வெளியூர் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகள் யார் யார்? இந்த வாரம் அவர்களோடு பேசினோமா?